அண்ணாவின் வாய்க்குச் செய்த தேன் சட்னி

சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் கரண்டிக் கணக்கில் எழுதிவிட்டு, கடைசியில் "ருசிக்கேற்ப" என்று போட்டுத் தப்பிவிடுவார்கள். யாருடைய ருசிக்கு என்று எழுதமாட்டார்கள். எங்கள் வீட்டுத் தேன் சட்னிக்கு ருசி பார்த்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

நாங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகப் பண்டகசாலையில் எழுதுவினைஞர் வேலை. என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்த அண்ணா வெளிநாட்டுக் கப்பலொன்றில் சேர்ந்து போயிருந்தார். கப்பல் நிற்கும் ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு கடிதம் வரும். பிறகு கடிதம் நின்றுபோனது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மா புனித அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைத்தார். அண்ணா எங்கள் படலையைத் திறந்து உள்ளே வரும்வரை இனிப்பு வாயில் வைப்பதில்லை.

அது சீனிக்குக் கூப்பன் இருந்த காலம். கூப்பன் இருந்தது, சீனிதான் இருக்கவில்லை. அப்பா சும்மா இருந்திருக்கலாம்.

"கடையில இல்லாத சாமானை அந்தோனியாருக்குக் குடுக்கிறீர். அவருக்கும் தெரியும்தானே," என்றார்.

அம்மா உடனே மிளகாய் உறைப்பையும் நேர்த்தியில் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு மட்டும் வெள்ளைக்கறியும் சோறும். அப்பா பிறகு பகிடி விடவில்லை. என்னைப் பொறுத்தவரை நேர்த்தியின் நிபந்தனை தெளிவானது: அண்ணா வந்தால் அம்மா சாப்பிடுவார். எத்தனையோ வருடம் அரசாங்கச் சுற்றறிக்கைகளை வாசித்தவள் சொல்கிறேன், அவ்வளவு தெளிவான ஒன்று பிறகு என் கைக்கு வரவில்லை.

அந்த நாட்களில் அப்பாவோடு வேலை செய்த ஒருவர் தம்பலகாமத்துப் பக்கக் காட்டிலிருந்து எடுத்த தேன் ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தார். அம்மா அதைச் சட்னியாக்கத் தீர்மானித்தார். முன்பெல்லாம் சீனியில் செய்வார். அண்ணா அதைப் பொரித்த மீனோடு சாப்பிடுவார், பாணோடு சாப்பிடுவார், ஒன்றும் இல்லாவிட்டால் விரலால் தொட்டுச் சாப்பிடுவார். ஒரு மாதமாவது போத்தலில் ஊறினால்தான் அது சட்னி. ஆகவே ஆள் வந்த பிறகு செய்து பயனில்லை என்பது அம்மாவின் வாதம். மறுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

செய்முறையை நான் இன்றும் பிசகாமல் சொல்வேன். செத்தல் மிளகாயின் விதையைத் தட்டிவிட்டு, தென்னங்கள் புளித்த வினாகிரியில் ஊறப்போட வேண்டும். அது பஞ்சுபோல மெதுவான பிறகு இஞ்சி, உள்ளி, கடுகு, உப்புச் சேர்த்து அம்மியில் அரைக்க வேண்டும். தண்ணீர் ஒரு துளியும் படக்கூடாது. மண்சட்டியில் போட்டு, பச்சை வாசனை போகும்வரை மெல்லிய நெருப்பில் கிண்ட வேண்டும். இறக்கி, சட்டியைத் தொட்டால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே தேன். தேன் கொதித்தால் கைத்துப்போகும்.

இவ்வளவும் அம்மாவுக்குத் தெரியும். ருசி பார்க்கத்தான் ஏலாது. அரைத்த மிளகாயில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு என்னைக் குசினிக்குக் கூப்பிட்டார். என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். நான் நக்கிப் பார்த்து, நல்ல இனிப்பு, காணும், இதுவே போதும் என்றேன்.

"உன்ர வாய்க்கில்லை பிள்ளை," என்றார் அம்மா. "அண்ணான்ர வாய்க்குக் காணுமோ எண்டு பாத்துச் சொல்லு."

அது பெரிய வேலை. நான் கண்ணை மூடிக்கொண்டு அண்ணாவை நினைத்தேன். அவர் சாப்பிடும்போது மூக்கை உறிஞ்சுவார், நெற்றி வேர்க்கும், தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைப்பார். உறைப்புப் போதாது என்றேன். அம்மா ஒதுக்கியதில் கொஞ்சம் சேர்த்தார். இன்னும் வேண்டும் என்றேன். நாலாம் தரம் என் காது எரிந்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது. இப்போது சரி என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்து, அது உண்மைதான் என்று எடுத்துக்கொண்டார். சட்னியைப் போத்தலில் விட்டு, வாயில் துணி கட்டி அலுமாரியில் வைத்தார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு, ஒரு மத்தியானம், சோறு போட்டிருந்த நேரம் படலை திறந்தது. வந்தவர் அண்ணாவின் கப்பலில் வேலை செய்த நிலாவெளி ஆள். கையில் அண்ணாவின் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்ரால் எழுதிய அண்ணாவின் பெயரை நான் தூரத்திலேயே வாசித்துவிட்டேன். அப்பா விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டார். வந்தவர் அதில் உட்காரவில்லை. என்னைக் குசினிக்குப் போகச் சொல்லிவிட்டு இருவரும் மெதுவாகக் கதைத்தார்கள்.

அவர்கள் கதைத்தது இதுதான். நான் பிறகு அறிந்தது. அண்ணாவுக்குக் கப்பலில் வயிற்றுக்குத்து வந்து, வழியில் ஒரு துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் உயிர் போய்விட்டது. அங்கேயே அடக்கம். அம்மா சட்னி கிண்டிய நாளில் அண்ணா மண்ணுக்குள் போய் ஐந்து மாதம். முறைப்படி உடனே தந்தி வந்திருக்க வேண்டும். கம்பனியின் கடிதம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, அடுத்த மாதம்தான் வந்தது. ஆழ்ந்த அனுதாபத்தோடு, மூன்று பிரதியில் நிரப்ப வேண்டிய ஒரு படிவமும் இருந்தது.

அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து குசினி வாசலில் நின்றார்.

"இஞ்சேரும்," என்று அம்மாவைக் கூப்பிட்டார். பெட்டியை நிலத்தில் வைத்தார்.

அம்மா அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து சட்னிப் போத்தலை எடுத்தார். துணியை அவிழ்த்து, தன் சோற்றில் ஒரு கரண்டி போட்டார். பிறகு இன்னொரு கரண்டி. குழைத்துச் சாப்பிடத் தொடங்கினார். அப்பா தடுக்கவில்லை. அம்மாவின் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓடியது, அவர் துடைக்கவுமில்லை. அரை வருடம் உறைப்பே படாத வாய் அல்லவா என்று நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"சரியாத்தான் சொல்லியிருக்கிறாய் பிள்ளை," என்றார். "அவன்ர வாய்க்குச் சரியா இருக்கு."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நான் சட்டப்படி யோசித்தேன். நேர்த்தி முடிந்தால் அண்ணா வந்தாக வேண்டும். தவிர, ஆள் வருவதற்கு முன்னால் சாமான் வந்து சேர்வது துறைமுகத்தில் நடக்கிற காரியம் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். இரண்டு சான்றும் ஒத்துப்போயின. பின்வாசலால் ஓடிப் பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னேன்.

"அம்மா நேர்த்தியை முடிச்சிட்டா மாமி. பெட்டியும் வந்திட்டுது. அண்ணா வாறார்."

மாமிக்கும் நேர்த்தியின் நிபந்தனை தெரியும். மாவு பிசைந்த கையோடு சிரித்துக்கொண்டே வந்தார். எங்கள் குசினிக்குள் கால் வைத்ததும், "பாத்தீங்களே அக்கா, அந்தோனியார் கைவிடேல்லை. எப்பவாம் வாறார் தம்பி?" என்று கேட்டார்.

அம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"பிள்ளைக்கு நாங்கள் இன்னும் சொல்லேல்லை," என்றார்.

மாமியின் சிரிப்பு நின்றது. பெட்டியையும் அப்பாவின் முகத்தையும் பார்த்துவிட்டு, மாவுக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்தார்.

அவர்கள் சொல்லாமல் வைத்திருப்பது அண்ணா வரும் நாளைத்தான் என்று எனக்கு உடனே விளங்கியது. என்னைத் திகைக்க வைக்கப் போகிறார்கள். அதைக் கெடுப்பது சரியில்லை என்று நினைத்து, அண்ணாவின் பெட்டியில் ஏறி உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.