மாமன் சீரில் போன சைக்கிள்

எங்கள் குடும்பத்தில் செய்தி என்றால் அது நான்தான். மகன் பெங்களூரில், மகள் கோவையில், தம்பிகள் ஆளுக்கொரு ஊரில். எல்லோரையும் சேர்த்து மகன் போனில் ஒரு குரூப் ஆரம்பித்துக் கொடுத்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்ததும், நான் குரலில் செய்தி போடுவேன். எழுதுவதில்லை. எழுத்தைத் தேடிக் குத்துவதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடும். மாரண்டஹள்ளியில் யார் வீட்டு வளைகாப்பில் பாயசம் தீய்ந்தது, புது வீட்டுக்கு அன்பளிப்பாக வந்த சுவர்க்கடிகாரங்களையெல்லாம் அந்த வீட்டுக்காரர் எந்தச் சுவரில் மாட்டப் போகிறார், கல்யாண வேனில் எந்த மாமா எந்த வளைவில் வாந்தி எடுத்தார், இப்படி. மகள் ஆபீசில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுச் சிரிப்பாளாம். பக்கத்து சீட்டுக்காரப் பெண், உங்கள் அப்பா இந்த வாரம் என்ன சொன்னார் என்று கேட்கிறாளாம். அதைக் கேட்டு நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

என் கெட்ட நேரம், மகன் அந்தக் குரூப்பில் தன் மாமனாரையும் சேர்த்துவிட்டான்.

சம்பந்தி பாப்பிரெட்டிப்பட்டிக்காரர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை நாளெல்லாம் ஒரே ரோட்டில் போய்ப் போய்த் திரும்பிய மனிதர், ஓய்வு கிடைத்ததும் சுற்றுலாக் கூட்டத்தோடு கிளம்பிவிட்டார். அவர் பேச மாட்டார், படம்தான் போடுவார். காசியில் நெற்றி நிறைய விபூதியோடு நிற்பார். கோவாவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படகில் நிற்பார். ராமேஸ்வரத்தில் நனைந்த வேட்டியோடு நிற்பார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே என் சொந்த மகளும் என் சொந்தத் தம்பிகளும் இதயம் இதயமாகப் போட்டுத் தள்ளினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. என் கொல்லைக் காட்டில் தக்காளி. கொட்டகையில் கறவை மாடு. கறவை மாடு வைத்திருப்பவன் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவு தூரம்தான் அவனுடைய உலகம்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் காலைக் கறவை முடிந்ததும் தம்பி மகனின் டூவீலரில் ஏறி வத்தல்மலைக்குப் போனேன். கொண்டை ஊசி வளைவில் குளிர் அடித்ததையும், மேலே குடித்த டீயையும், இறங்கும்போது என் துண்டு பறந்து போய் ஒரு புதரில் தொங்கியதையும் விஸ்தாரமாகப் பேசிப் போட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அது போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சம்பந்தி ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. அதற்கப்புறம் என் துண்டை யார் கேட்கப் போகிறார்கள்?

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பேத்தி விஷயத்தில்தான் என்னால் முடியவில்லை. மகனுக்கு ஒரே பெண். பெங்களூர்க் குழந்தை, தமிழ் பேசிக்கொண்டே வரும், வேண்டாம் என்பதற்கு மட்டும் "பேடா" என்று கன்னடத்தில் சொல்லும். இரண்டு தாத்தாக்களுக்கும் அவளே பெயர் வைத்தாள். அவர் பஸ் தாத்தா, நான் தக்காளித் தாத்தா. பஸ் எங்கே, தக்காளி எங்கே? போன மே மாதம் முழுவதும் அவளும் மருமகளும் பாப்பிரெட்டிப்பட்டியில்தான் இருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு ராத்திரி தங்க வந்தார்கள். அந்த இரண்டு நாளும் அவள் வாயில் பஸ் தாத்தாவைத் தவிர வேறு பேச்சில்லை. வரும் மே மாதம் அவள் என் வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

வழியை அவளே காட்டினாள். ஒரு நாள் போனில் முகம் பார்த்துப் பேசும்போது, கீழ் வீட்டுப் பெண்ணிடம் சைக்கிள் இருக்கிறது, தனக்கு இல்லை என்றாள். பெங்களூரில் அவர்கள் இருப்பது மூன்றாவது மாடி, ஓட்ட இடமில்லை. என் வீட்டு வாசலோ தக்காளிக் கூடைகளை நகர்த்திவிட்டால் பஸ்ஸே திரும்பலாம். சைக்கிளை நான் வாங்கிக் கொடுப்பேன், அது என் வீட்டில்தான் நிற்கும். சைக்கிள் இருக்கும் இடத்துக்குக் குழந்தை வரும். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு தருமபுரிக்குப் போய், பக்கச் சக்கரம் வைத்த, முன்னால் கூடை வைத்த ரோஸ் நிற சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தேன். மாசியில் அவளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். அன்றைக்கு, காது குத்தி அவள் அழும் நேரம் பார்த்து, உருட்டிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்த வேண்டும். என் மனைவியைத் தவிர ஒருவரிடமும் சொல்லவில்லை. குரூப்பில்கூட மூச்சு விடவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று தெரியும்.

எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் அது தாய்மாமன் வீட்டார் நாள். குழந்தை உட்காருவது மாமன் மடியில். மேளத்தோடு தட்டுத் தட்டாகச் சீர் கொண்டு வருவது அம்மா பிறந்த வீட்டார். அப்பாவைப் பெற்றவனுக்குக் கிடா வெட்டிச் சோறு போடும் வேலையும், வருகிறவர்களைக் கும்பிட்டு நிற்கும் வேலையும்தான். குலதெய்வக் கோயில் ஊருக்கு வெளியே, கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிறது. விடிவதற்குள் சைக்கிளைத் தக்காளி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனேன். புது வண்டியாயிற்றே என்று கைப்பிடியில் சந்தனம், குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றினேன். மறைத்து வைக்க இடம் பார்த்தேன். ரோட்டு முனையில் பெரிய புளிய மரம். அதன் பின்னால் நிறுத்தி ஒரு வேட்டியைப் போர்த்திவிட்டு வந்தேன்.

சீர் வரிசையை அடுக்கிக் கிளம்புவது அந்தப் புளிய மரத்தடியிலிருந்துதான் என்று எனக்குத் தெரியாதா? என் பிள்ளைகளுக்கு வந்த சீரும் அங்கிருந்துதான் கிளம்பியது. ஆனால் அன்று என் புத்தியில் சம்பந்தியின் முகம் கோணப்போவது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மேளம் கிளம்பியதும் பந்தல் முனையில் போய் நின்றேன். பழத் தட்டு வந்தது, வளையல் தட்டு வந்தது, பட்டுப் பாவாடை வந்தது, ஆள் உயரப் பொம்மை ஒன்று வந்தது. கடைசியாக, மருமகளின் தம்பி, குழந்தையின் தாய்மாமன், என் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். சந்தனமும் குங்குமமும் பூவுமாக மரத்தடியில் நின்றால் அவன் என்ன நினைப்பான்? தன் அப்பா வாங்கி வைத்தது என்று நினைத்திருக்கிறான். அவன் அப்பா, மகன் வாங்கியது என்று நினைத்து, பூரித்துப்போய்ப் பின்னால் நடந்து வந்தார். மைக் செட்டுக்காரர், பாப்பிரெட்டிப்பட்டி மாமன் சீராக அழகான சைக்கிள் ஒன்று வந்திருக்கிறது என்று ஊருக்கே கேட்கச் சொன்னார். என் பெரியப்பா மகன் என் தோளில் தட்டி, சம்பந்தி வீட்டார் ஒரு குறையும் வைக்கவில்லை என்றார்.

என் வாய் திறந்துவிட்டது. பக்கத்தில் நின்ற என் மனைவி முழங்கையில் கிள்ளிய கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது. "ஒரு வார்த்த பேசாதீங்க. மருமகப் புள்ள மொகத்தப் பாருங்க" என்றாள். பார்த்தேன். மருமகள் அவ்வளவு பேருக்கும் நடுவில் பிறந்த வீட்டுப் பெருமையில் நின்றுகொண்டிருந்தாள். பந்தலுக்குள் வந்துவிட்ட சீரில் ஒன்றைக் காட்டி அது உங்களுடையது இல்லை என்று சொன்னால், அந்தப் பேச்சு அவள் பிள்ளை கல்யாணம் வரைக்கும் ஓடும். கையைக் குவித்தேன். என் சைக்கிளை நானே கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது, எனக்கு நடக்கவில்லை, அவ்வளவுதான். காது குத்தினார்கள், குழந்தை மொட்டைத் தலையோடு வீரிட்டு அழுதாள், சைக்கிளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள், அழுகை நின்றது. நேராக ஓடிப்போய்ப் பஸ் தாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த இடத்தில் நிற்க முடியாமல் நான் சமையல் பக்கம் போய், நன்றாக இருந்த குழம்பைக் காரம் போதவில்லை என்று சமையல்காரரிடம் சண்டை போட்டேன்.

அன்று சாயங்காலமே படம் வந்துவிட்டது. சைக்கிள்மேல் பேத்தி, பக்கத்தில் அவர். இதயங்கள். விழாவைப் பற்றி நான் இன்னும் பேசவில்லையே என்று மகள் கேட்டாள். போனைக் கையில் எடுத்தேன். முதல் தடவை உண்மையைப் பேசினேன், அழித்தேன். அப்புறம் ஜாடையாகப் பேசினேன், அதையும் அழித்தேன். கடைசியில் மொட்டை போட்டுவிட்டவருக்கு வந்த தும்மலைப் பற்றியும், கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு பந்திக்குள் ஓடியதைப் பற்றியும் சொல்லிவிட்டு, மாமன் சீரில் சைக்கிள் ஒன்று வந்தது, நல்ல உருப்படி, வாங்கியவருக்கு ரசனை உண்டு, என்று முடித்தேன். அந்த ஒரு வரியை மட்டும் நானே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

பத்து நாள் கழித்துச் சம்பந்தி சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். அப்பனும் மகனும் அதற்குள் பேசி, சைக்கிள் யாருடையது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"சம்மந்தி, அந்த சைக்கிள் நாங்க வாங்கலீங்க" என்றார். "பாப்பா கழுத்தக் கட்டிக்கிட்டப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலீங்க."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கழுத்தைக் கட்டிக்கொண்டது என்று அவர் சொன்னவுடன் பாவம் போய்விட்டது. சீரோடு வந்தது சீர்தான், இனிமேல் பிரித்துப் பேசினால் உங்கள் பெண்ணுக்குத்தான் தலைகுனிவு என்றேன். குழந்தையிடமாவது சொல்லிவிடுகிறேன் என்றார். குழந்தையிடம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான், விடுங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

மே மாதம் பேத்தி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். சீர் வந்து சேரும் இடம் இதுதானே, சைக்கிளும் இங்கேதான் நின்றது. காலையில் கண் விழித்ததும் வாசலுக்கு ஓடுவாள். நான் கூடைகளை நகர்த்தி, தண்ணீர் தெளித்து, கல் பொறுக்கி வைத்திருப்பேன். என் வாசலில் என் சைக்கிளை ஓட்டிக்கொண்டு, "பஸ் தாத்தா சைக்கிள், பஸ் தாத்தா சைக்கிள்" என்று பாடுவாள். தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்வாள். மாட்டிடம்கூடச் சொன்னாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது, அவள் முழு விடுமுறையும் என் கண் முன்னால் இருந்தாள். அப்படியும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விடுமுறை முடிவதற்குள் ஒரு நாள் சம்பந்தி ஒரு பை மாம்பழத்தோடு வந்தார். இரண்டு பேரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அவள் எங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று என் முன்னால் நிறுத்தினாள்.

"தக்காளித் தாத்தா, என் காதுகுத்துக்கு எல்லாரும் என்னென்னமோ குடுத்தாங்கல்ல? நீங்க என்ன குடுத்தீங்க?"

சம்பந்தி கையிலிருந்த மாம்பழத்தைக் கீழே வைத்தார். முகம் கறுத்துவிட்டது. "கண்ணு, இங்க வா, பஸ் தாத்தா ஒண்ணு சொல்றேன்" என்று ஆரம்பித்தார். சொல்லிவிடப் போகிறார் என்று தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"ஒண்ணுமே குடுக்கல கண்ணு. தாத்தா மறந்துட்டேன்."

அவள் சரி என்று தலையாட்டினாள். அடுத்த காதுகுத்துக்கு மறக்காமல் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஓட்டப் போய்விட்டாள்.

"ஏனுங்க சம்மந்தி?" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. என்னைப் பெரிய மனது படைத்தவன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

கீழே வைத்த மாம்பழத்தை எடுத்து மறுபடியும் அவர் கையில் கொடுத்தேன். அவரைச் சொல்ல விட்டிருந்தால் சைக்கிள் என்னுடையதாகியிருக்கும். ஆனால் தானாக முன்வந்து உண்மையைச் சொன்ன நல்ல தாத்தா அவராகியிருப்பார். அதையும் அவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.