மலைக்குக் கால் நீட்டிய கட்டில்

இதை எழுதினால் சாமிக் குற்றம் ஆகிவிடுமோ என்று மூன்று வருஷம் தள்ளிப் போட்டேன். எட்டாவதோடு நின்றவள் நான். எழுத்து முன்னே பின்னே இருக்கும். அண்ணாமலையார் பொறுத்துக்கொள்வார் என்று இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

வேங்கிக்காலில் நாங்கள் கட்டிய வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒரே அறை. மகள் அப்போது பதினொன்றாவது. ஜாக்கெட் துணியில் ஊசியால் ஆரி பூவேலை போடுவாள். மகன் ஒன்பதாவது, பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு சால்டரிங் வைப்பான். அவளுக்கு வெளிச்சம் வேண்டும், அவனுக்குப் புகை வெளியே போகவேண்டும். இருப்பதோ ஒரே ஜன்னல். அண்ணாமலையார் மலை முழுசாகத் தெரிகிற ஜன்னல். அதனடியில் நீளமாக ஒரு மேஜை, பக்கத்துச் சுவரோரம் அடுக்குக் கட்டில் என்று ஆசாரியிடம் சொன்னோம்.

கட்டில் வந்தது. தலைமாட்டுப் பலகை கதவுப் பக்கம், கால் நேராக மலைக்கு! எனக்குப் பகீரென்றது.

"ஐயோ, சாமிய உதைக்கிற மாதிரி இருக்கேங்க!"

ஆசாரியும் பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திருப்பிப் போடலாமென்றால் மேல்கட்டிலுக்கு ஏறும் ஏணி சுவர்ப் பக்கம் போய்விடும். கட்டிலை ஜன்னலடியில் குறுக்கே தள்ளிவிட்டு, மேஜையை இருட்டு மூலைக்குக் கொண்டுபோனோம்.

அன்றிலிருந்து அக்கா தம்பிக்குத் தினமும் சண்டை. ஒருநாள் அவன் சால்டரிங் சூட்டுக் கம்பி பட்டு, அவள் எனக்காகப் பாதி போட்டிருந்த ஜாக்கெட்டின் கையில் ஓட்டை விழுந்தது.

"போதும்மா. இனிமே ஊசியே தொடமாட்டேன்" என்றாள்.

நாலு நாள் தொடவேயில்லை. பூஜையில் விளக்கேற்றும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சாமிக்குப் பயந்து பிள்ளையின் கையைக் கட்டிப் போட்டுவிட்டேனே!

மகன் பின்னாலேயே வந்து நின்றான். "ஏம்மா, கட்டில பழைய எடத்துலயே போட்டு, தலகாணிய மட்டும் ஜன்னல் பக்கம் வெச்சா ஆகாதா?"

நானும் வீட்டுக்காரரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். மகள்தான் முதலில் சிரித்தாள்.

"டேய் லூசு, இத அன்னிக்கே சொல்றதுக்கு என்னடா?"

"அன்னிக்கு எல்லாரும் கன்னத்துல போட்டுக்கினு இருந்தீங்க. என்ன யாரு கேட்டீங்க?"

அப்போதே மேஜை ஜன்னலுக்கு வந்தது. ஓட்டையை மூடி அவள் ஒரு மயில் போட்டுக் கொடுத்தாள். அந்த ஜாக்கெட்டோடுதான் அடுத்த பௌர்ணமிக்கு மலை சுற்றினேன்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் எனக்காகப் பரிதாபப்பட்டு என்னைப் புத்திசாலி ஆக்கிவிடாதீர்கள். யோசனை சொன்னது என் மகன்தான். அதை அப்படியே சொல்லுங்கள்.