படத்தில் இருபத்தொரு பேர்

ஆவணக் காப்பகத்தில் பழைய படங்களுக்குக் குறிப்பு எழுதும் அவளுக்குக் 'கத்தரி' என்று பட்டப்பெயர். அடைமொழி கண்ணில் பட்டால் போதும், வெட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அதில் அவளுக்கு அப்படியொரு திருப்தி.

ஒரு நாள் பழைய ஊர்வலப் படம் ஒன்று வந்தது. அவள் அண்ணன் இளவயதில் இருந்த சங்கம். வீட்டில் சொன்னதுதான் தாமதம், "'வீர இளைஞர் படை'ன்னு எழுது" என்றார் அண்ணன். மாற்றுக்கட்சிக்காரரான கணவரோ, "'காலிக் கும்பல்'னு போடு" என்றார்.

அவள் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படத்திலிருந்த பதாகையை லென்ஸ் வைத்துப் படித்து, தலைகளை எண்ணி, அப்படியே எழுதினாள்: "முன்னேற்ற இளைஞர் சங்கம், வடக்குக் கிளை. உறுப்பினர்கள் இருபத்தொரு பேர்."

மறுநாள் இருவரும் காப்பகத்துக்கே வந்துவிட்டார்கள்.

"என்னம்மா, இப்படிச் சப்புன்னு எழுதிட்ட?" என்று அலுத்துக்கொண்டார் அண்ணன்.

படத்தைப் பார்த்த கணவரின் முகம் மாறியது. "இருபதுன்னு போடு. ஓரத்துல நிக்கறது நான். சும்மா வேடிக்கை பாக்கப் போனேன்."

"வேடிக்கையா? தொண்டை கிழியக் கோஷம் போட்டது யாரு மாப்ளே?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் குறிப்பைத் திருத்தினாள்: "உறுப்பினர்கள் இருபது பேர். ஓரத்தில் நிற்பவர், தாம் வேடிக்கை பார்க்க வந்ததாகக் கூறுகிறார்."