அவளுக்குப் பதிலாகப் போனவர்

கொசு ஆராய்ச்சிக்குப் புதிதாக வருகிறவர்களை வேலைக்குப் பழக்குவதுதான் லண்டனில் என் பிழைப்பு. சதுப்பு நிலத்தில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, கொசு முட்டையிடுவதற்குக் கறுப்பு வாளியில் தண்ணீர் வைப்பது, புழுவை அள்ளுவது, இனம் பிரிப்பது எல்லாம் சொல்லிக்கொடுப்பேன். இந்த ஊர்க் கொசு கடித்தால் பெரும்பாலும் சொறிந்துவிட்டுப் போய்விடலாம். டெங்குக் கொசுவோடு வேலை செய்ய எங்கள் பிள்ளைகள் விமானம் ஏறித்தான் ஆக வேண்டும்.

ஏறும் முன் ஒரு கேள்வி கேட்போம். முன்பு டெங்கு வந்திருக்கிறதா? அந்தக் கிருமியில் நான்கு வகை. ஒன்று வந்து பிழைத்தவரை இன்னொன்று பிடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் ஒருமுறை வந்தவர்களை மழைக்காலத்தில் அனுப்பக் கூடாது என்பது விதி.

என்னிடம் பழகியவர்களில் ஒருத்தி, சிறுவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவள். அங்கே போய் ஒரு மாரிக்காலம் முழுக்க வேலை செய்யும் வாய்ப்புக்காக உயிரைக் கொடுத்துப் படித்தாள். கேட்டபோது, "இல்லை அக்கா, வரேல்லை" என்றாள். நம்பினேன்.

பயணத்துக்கு முன் அவள் அம்மா என்னை ஈஸ்ட் ஹாம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். இடியப்பத்துக்குச் சொதி ஊற்றியபடியே சாதாரணமாகச் சொன்னார்:

"சின்னனிலை இவளுக்கு டெங்கு வந்து பிழைச்சதே பெரிய காரியம். ஒருக்கா வந்தால் பிறகு வராதுதானே டொக்டர், அம்மாள் வருத்தம் மாதிரி? அந்தத் தைரியத்திலைதான் விடுறன்."

அம்மை நோயைப் போல ஒருமுறை வந்தால் தீர்ந்தது என்று நம்பிக்கொண்டு, பெற்ற மகளைச் சந்தோஷமாக வழியனுப்புகிறார். எதிரே இருந்த மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இல்லம்மா. ரெண்டாவது தடவைதான் மோசமா வரலாம்" என்றேன்.

அவர் சொதிச் சட்டியை மெல்லக் கீழே வைத்தார். "அப்ப விடேலாது" என்றார், அவ்வளவுதான்.

ஸ்டேஷன் வரை அவள் கூட வந்தாள். புடவைக் கடைகளைத் தாண்டி நடந்தோம். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தெரிஞ்சுதான் பொய் சொன்னியா?" என்று நானே கேட்டேன்.

"ஓம் அக்கா. நான் போகாட்டி வேலை நிக்குமோ? அங்கை ஆரையாவது பிடிச்சு வேலைக்கு விடுவியள். அவைக்கு எத்தினை தரம் வந்ததெண்டு ஆர் கேக்கிறது?"

"அது வேற விஷயம்" என்று எரிந்து விழுந்தேன். பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

அவள் சொன்னபடியே நடந்தது. யாழ்ப்பாணத்திலேயே ஒருவரைச் சம்பளத்துக்கு எடுத்தார்கள். அவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாமா என்று எங்கள் திட்டக் கூட்டத்தில் கேட்டேன். விதி இங்கிருந்து போகிறவர்களுக்கு மட்டும் என்றார்கள். அவர் அங்கேயே வாழ்கிறவர், நாம் வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கொசு கடிக்கத்தானே போகிறது என்றார் ஒரு பெரிய மனிதர். கேட்க நியாயமாகவே இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

யாழ்ப்பாணத்தில் எடுத்தவர் வேலையில் கெட்டிக்காரர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளில் புழு தேடுவார். அவர் அனுப்பும் எண்ணிக்கையை லண்டனில் இருந்து வரைபடமாக்குவது அவள் வேலை. வீடியோவில் "அண்ணை, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். அவரும் அவளைத் தங்கச்சி என்றே கூப்பிடுவார்.

மாரி பாதியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பனடோல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போயிருக்கிறார். அதன்பின் படுத்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவில்லை. அது அவருக்கு இரண்டாவது டெங்கு என்று அவர் மனைவிதான் இவளிடம் போனில் சொன்னார்.

நிதி கொடுத்தவர்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டிய வாரத்தில் அவள் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டாள். திரையில் வரைபடத்தின் கோடு மழைக்காலத்தின் நடுவே அறுந்து நின்றது.

"இந்த இடைவெளிக்கு என்ன காரணம் போடுறது அக்கா?"

"எப்பவும் போடுறதுதான். பணியாளருக்கு உடம்பு சரியில்லைன்னு போடு."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"செத்த ஆளுக்கும் அப்பிடியோ போடுறது?"