அம்மாவின் வெந்நீர்க் குல்லா

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, அவிநாசிப் பக்கத்தில் வெயில் கொளுத்தும் ஒரு சிற்றூரில் பிறந்தவர் எங்கள் அம்மா. திருமணமாகி இந்தக் குளிர் மலையூரான மஞ்சூருக்கு வரும்வரை கம்பளி நூலைக் கண்ணால் கண்டதில்லை. அப்பாவுக்கு இங்கே நீர்மின் திட்டத்தில் வேலை. பேருந்தை விட்டு இறங்கியதும் பல் தந்தியடிக்க, எப்போது திரும்பிப் போவோம் என்று அம்மா கேட்டாராம். கடைசிவரை போகவேயில்லை.

எங்கள் குடியிருப்பு மாதர் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊர் மருத்துவமனையில் பிறக்கும் குழந்தை தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையானாலும் சரி, அதிகாரி வீட்டுப் பிள்ளையானாலும் சரி, ஒரு கம்பளிக் குல்லா கொடுப்பார்கள். பின்னத் தெரியாத அம்மாவுக்குக் கிடைத்தது துவைக்கும் வேலை. குழந்தைத் துணியைக் கொதிநீரில் போட்டுத்தானே அவருக்குப் பழக்கம்? பன்னிரண்டு குல்லாக்களையும் சோப்புப் போட்டுக் கொதிக்கவைத்துக் கசக்கிவிட்டார். எல்லாம் கெட்டிப்பட்டுப் பாதியாகச் சுருங்கிவிட்டன. சங்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அவற்றைப் பெட்டியின் அடியில் ஒளித்துவைத்துவிட்டு, ஒரே மாதத்தில் பின்னக் கற்றுக்கொண்டார். அந்த ரோஷம் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை. எனக்கு இன்றும் பின்ன வராது.

அடுத்த ஆடி மழையில், மூத்த மகளான நான் எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தேன். மருத்துவமனையில் இருந்த குல்லா எதுவும் என் தலையில் நிற்கவில்லை, கழுத்துவரை இறங்கியதாம். உடம்பு சில்லிட்டுக்கொண்டே போக, தலையை மூடியே ஆகவேண்டும் என்றார் செவிலியர். அம்மா வெட்கத்தை விட்டு அப்பாவிடம் சொன்னார்: "ஏனுங்க, ஊட்டுல பெட்டிக்கு அடியில சின்னக் குல்லா இருக்குது. கொண்டாந்துருங்க."

அப்பா மழையில் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். அச்சாகப் பொருந்தியது. பிழைத்துவிட்டேன், இன்றுவரை வாயடித்துக்கொண்டும் இருக்கிறேன்.

அதன்பிறகு பத்துக் குல்லா பின்னினால் இரண்டை வேண்டுமென்றே கொதிநீரில் போடுவார் அம்மா. சுருங்கியதைத் தம் மூடிய கையில் மாட்டிப் பார்ப்பார். இறுக்கமாக நின்றால் அதுதான் அளவு. சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், நல்ல கம்பளி வீணாகிறதே என்று பதறுவார்கள். மருத்துவமனையில் அதற்குப் பெயரே 'வெந்நீர்க் குல்லா'. எங்கள் மூவருக்கும் சோறாக்கி, பள்ளிக்கு அனுப்பி, அப்பாவின் ஷிப்டுக்குத் தக்கபடி எழுந்து, மிச்ச நேரத்தில்தான் ஊசியை எடுப்பார். பேருந்து வராத நாளில் நடந்தே போய்க் கொடுப்பார். இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று திட்டிக்கொண்டே அப்பா குடையோடு பின்னால் போவார்.

அப்பா மறைந்தபின் அம்மாவின் கையும் நடுங்கத் தொடங்கியது. அம்மா மறைவதற்கு இரண்டு நாள் முன்பு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. தோட்டத் தொழிலாளி ஒருவருக்குக் குறைமாதத்தில் இரட்டைக் குழந்தைகள்; குல்லா வேண்டும். வீட்டில் இரண்டு இருந்தன, சுருக்காதவை. நானே அடுப்பில் கொதிக்கவைத்துக் கட்டிலருகே கொண்டுபோனேன். மெலிந்த கையில் மாட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சூடு வேணும் கண்ணு," என்றார். இரண்டாம் முறை தலையசைத்தார். அடுப்போரம் உலர்த்திக் கொடுத்தனுப்பினோம்.

அதன்பின் சாப்பாடு இறங்கவில்லை. கண் விழித்தபோதெல்லாம் அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கின்றன என்றே கேட்டார். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். நான், "நல்லாருக்குதுங்கம்மா," என்றேன். அம்மாவிடம் நான் சொன்ன கடைசி வார்த்தை அது. ஓராண்டாக அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அம்மாவை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், இறுதிப் பயணத்தில் கொட்டும் மழையில் தோள் கொடுத்த எமரால்டு, பிக்கட்டி ஊர்களின் உறவினர்களுக்கும், இன்றும் பின்னிக்கொண்டிருக்கும் சங்கத்துச் சகோதரிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அம்மாவின் முதலாண்டு நினைவுக்கான இந்த மலர் அச்சுக்குப் போகும் முன், போன வாரம், ஒரு பெண் இடுப்புக்கு ஒன்றாக இரண்டு குழந்தைகளைச் சுமந்துகொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். துவைத்து மடித்த இரண்டு குல்லாக்களை என் கையில் வைத்தார்.

"இனி இதுகளுக்குப் பத்தாதுங்கக்கா. வேற பாப்பாவுக்குக் குடுங்க."

அம்மா, நான் சொன்னது பொய்யாகவில்லை.