ஒரே தன்மை, ஒத்த தன்மை

உபதேசியார் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: பிரசங்கம் பண்ணுவது சுலபம், முடிந்ததும் "ஒரு சந்தேகம்" என்று ஒருவர் எழுந்திருப்பாரே, அங்கேதான் நம் உயிர் போகும். வெள்ளைக்காரன் ஆண்ட நாளில் பூந்தமல்லிப் பக்கம் மிஷனுக்கு உழைத்தவன் நான். என்னைப்போல் அவதிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

யார் மூத்தவர்?

பூந்தமல்லிக் கடைத்தெருவில், பிதாவுக்கும் குமாரனாகிய யேசுவுக்கும் ஆரம்பமே இல்லை, ஒருவருக்கு மற்றவர் மூத்தவர் இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நெல் மண்டிக்காரர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஒரே வயசுன்னா எதுக்கு நைனா அப்பன், புள்ளன்னுகினு? அண்ணன் தம்பின்னு சொல்லிட்டுப் போறது!"

துரையின் பாடம்

மாதம் ஒருமுறை மிஷன் துரை எங்களுக்கு வகுப்பு எடுப்பார். அன்று பழைய சபைச் சரித்திரம். எகிப்தில் ஒரு குரு, குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத காலமும் இருந்தது என்று போதித்தாராம். ஊருக்கு ஊர் சண்டை. கடைசியில் ரோமாபுரி ராயன் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினான். குமாரன் பிதாவோடு 'ஒரே தன்மை' உடையவர் என்று தீர்மானமாயிற்று. அதற்கப்புறமும் 'ஒத்த தன்மை'தான் என்று ஒரு கூட்டம் வெகுகாலம் மல்லுக்கு நின்றது. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்றார் துரை.

நாங்கள் சிரித்தோம். வெள்ளானூர் உபதேசியார் ஞானமுத்து மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். "சிலுவைக்கு மொத நாள் ராத்திரி தோட்டத்துல யேசு முட்டி போட்டு ஜெபம் பண்ணாரே ஐயா, யார்கிட்ட பண்ணாரு? எனக்கு 'ஒத்த'தான் சரின்னு படுது."

கெடு

துரை கோபப்படவில்லை. ஈஸ்டருக்குள் மனம் மாறாவிட்டால் வேலை கிடையாது என்று மட்டும் சொன்னார். வேலை போனால் மிஷன் வீடும் போகும். ஞானமுத்துவின் மனைவி அப்போது கர்ப்பிணி. வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போயேன் என்று நான் கெஞ்சினேன். "பொய் சொல்லிகினு அப்பால இன்னா பிரசங்கம் பண்றது, அண்ணாத்தே?"

காய்ச்சல்

விஷயம் வெள்ளானூர் முழுக்கப் பரவிவிட்டது; யேசு பிதாவுக்கு ஒத்தவர் மட்டும்தான் என்றால் அவரைக் கும்பிடலாமா என்று ஊருக்கே குழப்பம். அடுத்த முறை நான் போயிருந்தபோது, நடவு வேலை செய்யும் மரியம்மா காய்ச்சலில் கொதிக்கும் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தொரை சொல்றது, நீங்க சொல்றது ஒண்ணும் எனக்கு வேணாம். இப்ப நான் யேசுவ கூப்புடலாமா, கூடாதா?"

ஞானமுத்து குழந்தையை வாங்கி மடியில் கிடத்தி, "யேசுவே" என்று அவரே ஆரம்பித்தார். சில நாளில் குழந்தை தேறியது. அதை யாரும் வாதத்துக்கு இழுக்கவில்லை. என்னை வழியனுப்ப வந்தபோது சொன்னார்: "கூப்புடாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

ஈஸ்டர்

ஆலயத்தில் எல்லோரும் நிசேயாவின் விசுவாசப் பிரமாணம் சொன்னோம். துரையின் பார்வை ஞானமுத்துவின் உதட்டிலேயே இருந்தது. 'ஒரே தன்மை' வந்தது. ஞானமுத்து வாயை மூடிக்கொண்டார். வெளியே வந்ததும் துரை காரணம் கேட்டார். "கும்புடறேன் ஐயா. அந்த வார்த்தைதான் இன்னும் வரல."

வேலை அன்றோடு போயிற்று. பின்னால் ஆவடியில் ரயில் பாதைக் கூலிக்குச் சேர்ந்தார். ஆனால் பிரசவம் ஆகி, குழந்தை தவழும் வரைக்கும் மிஷன் வீட்டில்தான் இருந்தார். காரணம், அன்று துரையை வழிமறித்த மரியம்மா: "அந்த ஒரு வார்த்தைய அவருக்கும் சேத்து நாங்க சத்தமா சொல்லிக்கிறோம். நீங்க ஊட்ட மட்டும் புடுங்காதீங்க, தொரை."

நிசேயாவில் தீர்ப்பாகிவிட்டதாகத் துரை பாடம் நடத்திய வழக்கு, எனக்குத் தெரிந்து வெள்ளானூரில் வாய்தாவில்தான் நின்றது.