கமருஸ்ஸமான் பாய் தடவிய எண்ணெய்

பெரிய மார்க்கெட்டில் என் காய்கறிக் கடைக்குப் பக்கத்தில் கமருஸ்ஸமான் பாய் கருவாடு விற்கிறார். யாருக்கு உடம்பு அரித்தாலும் அவரிடம்தான் போவார்கள். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சிப் புட்டியில் வைத்திருப்பார். அந்த மருந்தை யாராவது குறை சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்கு வியாபாரம் ஓடாது. எங்களுக்கும் ஓட விடமாட்டார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் போன வியாழக்கிழமை ஒரு கூடையோடு வந்து நின்றார். "சிகாமணி, கூட வாயேன். கையும் ஓடல, காலும் ஓடல" என்றார்.

கூடைக்குள் பூனை. அவர் மகள் மரீஹா மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகும்போது அத்தாவை நம்பி விட்டுப் போனது. பத்து நாளாகக் காதிலும் கழுத்திலும் வட்ட வட்டமாக முடி உதிர்ந்து, கோரிமேட்டுப் பக்கம் நாய், பூனைகளுக்குத் தோல் வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தார். ஆனால் அன்று காலை அது எச்சில் ஒழுக்கிக்கொண்டு தள்ளாடியது. உடம்பெல்லாம் ஈரம். ஆட்டோவில் அது ஒவ்வொரு தடவை வெட்டி இழுத்தபோதும் நான் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். செத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?

டாக்டர் நிர்மலாதேவி சின்ன வயதுக்காரர். தொட்டுப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது.

"இது வெறும் படை இல்ல. வீட்டுல ஏதாவது தடவுனீங்களா?"

"இல்லம்மா" என்றார் பாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புட்டியைத் தினமும் பார்க்கிறவன் நான். உயிர் போகிற நேரத்தில் என்ன வறட்டு கௌரவம்? முழங்கையால் இடித்தேன். மனுஷர் அசையவில்லை.

"தெரியாம ஊசி போட்டா இன்னும் மோசமாயிடும். யோசிச்சு சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அப்போது பூனைக்கு வலிப்பு வந்தது. நாலு காலும் விறைத்துக்கொண்டன.

"கற்பூர எண்ணெய்மா" என்றார் பாய். "மூணு நாளா தடவுனேன். நக்கிடுச்சு. காலையில பயந்துபோய்க் கழுவிட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. "பூனைக்கு அது விஷம்" என்று மட்டும் சொல்லி உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நேரம் நகரவே இல்லை. மரீஹா போன் செய்தாள். பாய் போனை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே பேசுங்க பாய்" என்றேன்.

"மரீஹா, அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தாம்மா காரணம். டாக்டர்கிட்ட பொய் வேற சொல்லிட்டேன்."

"அத்தா, அழுவுறீங்களா?"

"ஆமாம்மா."

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. வலிப்பு நின்றுவிட்டது, ராத்திரி இங்கேயே இருக்கட்டும், வந்து பாருங்கள் என்றார் டாக்டர்.

பூனை கண்ணைத் திறந்து படுத்திருந்தது. பாய் கையை நீட்டினார். பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

"தொடலாமாம்மா?" என்று கேட்டார்.